மனோரமா: யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளும் ஒரு நாடக ரீச்சரின் பதில்களும்

சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் ‘நாடகமும் அரங்கியலும்’ படிப்பிக்கிறேன். பாத்திர நடிப்பு என்ற பகுதி வந்தால் உதாரணத்துக்கு நான் முதலில் எடுப்பது மனோரமாவைத்தான். பிள்ளைகளுக்கு அவர் பழைய படத்தில் வரும் பாட்டி. வீட்டில் இருக்கும் அம்மம்மாவுக்கோ ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்து ஜில் ஜில் ரமாமணி. இரண்டுக்கும் நடுவில் இருப்பதைச் சொல்லத் தொடங்கினால் கேள்விகள் வரும். அவற்றை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

மனோரமா யார்? சுருக்கமாகச் சொல்லுங்கோ ரீச்சர்.

1937 மே 26 அன்று தமிழ்நாட்டின் மன்னார்குடியில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் கோபிசாந்தா. வளர்ந்தது காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள பள்ளத்தூரில். சிறுவயதிலேயே நாடக மேடை, 1958இல் சினிமா, அதன்பின் ஐம்பது வருடத்துக்கு மேலாக நடிப்பு. நகைச்சுவை நடிகையாகத் தொடங்கி அம்மா, பாட்டி, வேலைக்காரி, ஊர்ப் பெரியமனுசி என்று எல்லாமாக நடித்து முடித்தார். 2015 ஒக்ரோபர் 10 அன்று சென்னையில் காலமானார். அப்போது வயது 78.

அவர் மேடைக்கு எப்படி வந்தார்? வீட்டில் யாராவது கலைஞர்களா?

கலை அல்ல, வறுமைதான் கொண்டுவந்தது. தகப்பன் கைவிட்டுவிட, தாய் பிள்ளையோடு பள்ளத்தூருக்கு வந்து வீட்டுவேலை செய்து பிழைத்தார். பள்ளிக்கூடப் படிப்பு பாதியில் நின்றது. பிள்ளையிடம் இருந்த ஒரே சொத்து குரல். நன்றாகப் பாடுவார், கேட்ட பாட்டை அப்படியே திருப்பிப் பாடுவார். ஊருக்கு வந்த ஒரு நாடகக்குழுவில் பாடுவதற்கு ஆள் தேவைப்பட, பன்னிரண்டு வயதளவில் அப்படியே உள்ளே போனார். ‘பள்ளத்தூர் பாப்பா’ என்று பெயர் பரவியது. மனோரமா என்ற பெயரும் நாடகக்காரர்கள் வைத்ததுதான்.

பாடுவதற்காகத்தான் முதலில் மேடைக்கு எடுத்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவருடைய நடிப்பில் முகம் இரண்டாவது, குரல்தான் முதலாவது. கண்ணை மூடிக்கொண்டு அவர் காட்சி ஒன்றைக் கேட்டுப் பாருங்கள், பாத்திரத்தின் வயது, ஊர், சாதி, அந்த நேரத்து மனநிலை எல்லாம் தெரியும். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவது ஏறக்குறைய இதுதான். மற்றதெல்லாம் இதைச் சுற்றி வருவது.

அந்தக் காலத்தில் மேடையில் பெண்கள் நடிப்பது சாதாரணமா?

தமிழ்நாட்டில் ஓரளவுக்கு இருந்தது, ஆனால் மரியாதை இருக்கவில்லை. நாடகக்காரி என்றால் வீடு வாடகைக்குக் கிடைப்பதே கஷ்டம்.

இங்கே கதை வேறு. எங்கள் கூத்திலும் இசை நாடகத்திலும் பெண் வேடத்தை ஆண்கள் கட்டுவதுதான் வழக்கம். நடிகமணி வி.வி. வைரமுத்துவின் அரிச்சந்திரன் மயான காண்டத்தைக் கோயில் வீதியில் விடிய விடியப் பார்த்த தலைமுறைக்கு, சந்திரமதியின் புலம்பலும் ஆண் குரலில்தான் காதில் நிற்கிறது. அது ஒரு தனி வித்தை, அதைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் விலை என்ன? எங்கள் ஊரில் பாடவும் நடிக்கவும் தெரிந்த எத்தனையோ பெண் பிள்ளைகள் அடுப்படியில் பாடிவிட்டுப் போய்விட்டார்கள். 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய காலத்துக்குப் பிறகுதான் யாழ்ப்பாணத்தில் பெண்கள் மேடையேறுவது மெல்ல மெல்ல இயல்பானது. இன்று என் வகுப்பில் முக்கால்வாசி பெண் பிள்ளைகள். பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டி நாடகத்தில் ராசாவுக்கும் மீசை ஒட்டிக்கொண்டு அவர்கள்தான் வருகிறார்கள். காலம் தலைகீழாகத் திரும்பிவிட்டது.

நாடகத்தில் அவர் எப்படிப்பட்ட வேடங்கள் செய்தார்?

எல்லாம். கதாநாயகி, தோழி, வில்லி, சிரிப்பு. எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடக மன்றத்தில் கருணாநிதி எழுதிய ‘மணிமகுடம்’ போன்ற நாடகங்களில் நடித்தார். திராவிட இயக்க நாடகங்கள் என்றால் வசனம் மழை மாதிரிக் கொட்டும். அதை ஒலிவாங்கி ஒழுங்காக இல்லாத திறந்த வெளியில், பின்வரிசையில் இருப்பவனுக்கும் கேட்கும்படி, மூச்சு உடையாமல் சொல்ல வேண்டும். நாலு மாதம் அப்படிச் செய்தால் போதும், குரல் உறுதிப்பட்டுவிடும். அவர் பல வருடம் செய்தார். பின்னாளில் எத்தனை நீளமான வசனத்தையும் ஒரே ஷாட்டில் சொல்லி முடிப்பார் என்று திரையுலகம் வியந்தது. நாடகக்காரருக்கு அதில் வியக்க ஒன்றுமில்லை.

சினிமாவுக்கு வந்தபோது ஏன் கதாநாயகி ஆகவில்லை?

ஆனார். 1963இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘கொஞ்சும் குமரி’யில் அவர்தான் நாயகி. ஆனால் அதற்கு முன்பே வழி தீர்மானமாகிவிட்டது. முதல் படம் 1958இல் வந்த ‘மாலையிட்ட மங்கை’. தயாரித்தவர் கவிஞர் கண்ணதாசன். அதில் கொடுத்தது சிரிப்பு வேடம். நாயகியாக நடித்தால் சில வருடத்தில் முடிந்துவிடும், நகைச்சுவை என்றால் நீண்டகாலம் நிற்கலாம் என்று கண்ணதாசன் தனக்குச் சொன்னதாக மனோரமா பின்னாளில் பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

கண்ணதாசன் சொன்னது வியாபாரக் கணக்காகச் சரி. ஆனால் அது ஒரு நடிகைக்குச் சொல்லப்பட்ட விதி என்பதையும் பாருங்கள். அழகும் வயதும் போனால் நாயகிக்கு வேலை இல்லை என்பதை எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்த உலகம் அது. மனோரமா அந்த விதியோடு சண்டை பிடிக்கவில்லை. பக்கத்துக் கதவால் உள்ளே போய், வீட்டுக்காரர் எல்லோரும் மாறிய பிறகும் அங்கேயே இருந்தார்.

நாகேஷும் மனோரமாவும் ஜோடி என்கிறார்களே?

அறுபதுகளில் அதுதான் தமிழ் சினிமாவின் சிரிப்பு. நாகேஷ் உடம்பால் ஓடுவார், மனோரமா வாயால் ஓடுவார். 1967இல் வந்த ‘அனுபவி ராஜா அனுபவி’யில் முத்துக்குளிக்கக் கூப்பிடும் பாட்டு இருக்கிறதே, அந்தப் படத்தில் இருவரும் பிடித்த தூத்துக்குடிப் பேச்சு வாடையைக் கேளுங்கள். கடலுக்கு இந்தப் பக்கம் மன்னாரிலும் அதே முத்துக்குளிப்புக்குக் கதைகள் உண்டு, அதனாலோ என்னவோ இங்கே அந்தப் பாட்டுக்குத் தனி இடம். பின்பு சோ, தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் என்று ஜோடிகள் மாறினார்கள்.

ஜில் ஜில் ரமாமணியை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறீர்கள்? படத்தில் கொஞ்ச நேரம்தானே வருகிறார்?

கொஞ்ச நேரம்தான். 1968இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த ‘தில்லானா மோகனாம்பாள்’. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை. சிவாஜி நாதஸ்வரம், பத்மினி பரதம், பாலையா தவில், நாகேஷ் வைத்தி. இத்தனை பேருக்கு நடுவில் ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனி நடிகை ஒருத்தியாக மனோரமா வருகிறார்.

அந்த நாயனக் காட்சியை மட்டும் எடுப்போம், நாயனம் என்றால் நாதஸ்வரம். சிவாஜியின் பாத்திரமான சிக்கல் சண்முகசுந்தரம் பெரிய வித்துவான், கர்வி. அவரிடம் ரமாமணி ஒரு சந்தேகம் கேட்கிறாள்: இந்தச் சத்தம் உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்று. சாதாரண நடிகை இதைப் பகிடியாகக் கேட்டிருப்பார், கேட்டுவிட்டுச் சிரிப்புக்காகக் கொஞ்சம் நின்றிருப்பார். மனோரமா அப்படிச் செய்யவில்லை. ரமாமணிக்கு உண்மையாகவே அது சந்தேகம். மூக்கால் இழுத்துப் பேசும் அந்தக் குரலில் மரியாதையும் வெகுளித்தனமும் உரிமையும் ஒன்றாக இருக்கின்றன. கேள்வி முட்டாள்தனமாகத் தெரிகிறது, கொஞ்சம் யோசித்தால் வித்துவானுக்கு அதைவிடப் பெரிய புகழ்ச்சி கிடையாது. சிரிப்பு பார்ப்பவனுக்குத்தான், பாத்திரத்துக்கு இல்லை. என் பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: நீங்கள் சிரிக்க வைக்கப் போகிறீர்கள் என்று உங்கள் பாத்திரத்துக்குத் தெரியக்கூடாது.

இன்னொன்று. நாடகக்காரி வேடத்தில் ஒரு நாடகக்காரி நடிக்கிறார். நாடகக் கொட்டகைப் பெண்களின் ஒயிலான நடையையும், ஆளைக் கண்டவுடன் குழைந்து வரவேற்பதையும், அதற்கு அடியில் உள்ள களைப்பையும் அவர் எங்கிருந்தும் படிக்கத் தேவையில்லை, அதற்குள்தான் வளர்ந்தார். கேலி செய்வது சுலபமாக இருந்திருக்கும். அவர் செய்யவில்லை.

அவர் சொந்தக் குரலில் பாடியிருக்கிறாரா?

நிறைய. 1968இல் வந்த ‘பொம்மலாட்டம்’ படத்தில் மெட்ராஸ் பாஷையில் வாத்தியாரை வீட்டுக்குக் கூப்பிடும் பாட்டு இன்றைக்கும் கலியாண வீட்டு இசைக்குழுக்கள் பாடுவது. 1994இல் ‘மே மாதம்’ படத்துக்காக ஏ.ஆர். ரகுமான் இசையில் மெட்ராஸைச் சுற்றிப் பார்க்கும் பாட்டிலும் அவர் குரல் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் கால் நூற்றாண்டு. சுருதி சுத்தத்தைவிட, பேச்சிலிருந்து பாட்டுக்கும் பாட்டிலிருந்து பேச்சுக்கும் தையல் தெரியாமல் போவதைக் கவனியுங்கள். இசை நாடகத்தில் பாடிய எங்கள் அண்ணாவிமாருக்கும் (கூத்தும் நாடகமும் பழக்கும் ஆசான்கள்) அந்தக் கலை கைவந்தது.

இத்தனை ஊர்த் தமிழை எப்படிப் பேசினார்?

காது. வேறு ரகசியம் இல்லை. மெட்ராஸ் பாஷை, பிராமணத் தமிழ், செட்டிநாடு, நெல்லை, கொங்கு என்று அவர் தொடாத வட்டாரம் குறைவு. ‘சின்னக் கவுண்டர்’ படத்தில் விஜயகாந்தின் தாயாக, முன்பற்கள் துருத்திக்கொண்டிருக்கும் ஆத்தாவாக வருவார். பல் வைத்துக்கொண்டு பேசுவது கஷ்டம், எழுத்துகள் வழுக்கும். அந்த வழுக்கலையே ஆத்தாவின் பேச்சாக்கிவிட்டார்.

எங்களிடமும் இந்த மரபு உண்டு. கே.எஸ். பாலச்சந்திரனின் ‘அண்ணை றைற்’ என்ற தனிநடிப்புத் தெரியாத யாழ்ப்பாணத்தார் யார்? ஒரு பஸ், ஒரு கொண்டக்டர், ஏறி இறங்கும் சனம், எல்லாம் ஒரே மனிதரின் வாயில். அதைக் கேட்டுவிட்டு மனோரமாவைக் கேளுங்கள். இருவருமே ஊர்ப் பேச்சை நக்கலடிக்கவில்லை. அந்தப் பேச்சுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். வட்டாரப் பேச்சு என்றால் நாலு விசித்திரமான சொல்லைச் சேர்ப்பது என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு பேரும் மருந்து. ஊர்ப் பேச்சு சொல்லில் பாதிதான் இருக்கிறது, மிச்சம் இழுப்பிலும் நிறுத்தத்திலும்.

சிரிப்பு நடிகைதானே, அழ வைக்கவும் தெரியுமா?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கோபம் வரும். சரி, வரிசையாகப் பார்ப்போம்.

1986இல் விசு எடுத்த ‘சம்சாரம் அது மின்சாரம்’. வேலைக்காரி கண்ணம்மா. சம்பந்தி வீட்டு மனிதரை வாயால் மடக்குகிற காட்சியில், பொங்கிப் பொங்கி வரும் பேச்சை, தன் பெயரைத் தானே சொல்லிப் பேசாமல் இருக்கும்படி கட்டளையிட்டு அடக்கிக்கொள்வார். அந்தக் கட்டளை ஒவ்வொரு முறையும் வேறு சுருதியில் விழும். ஒரு தடவை எச்சரிக்கை, ஒரு தடவை நக்கல், ஒரு தடவை நிஜமான கோபம். அந்தப் படத்துக்குச் சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. கண்ணம்மாவை எடுத்துவிட்டுப் பார்த்தால் அதில் என்ன மிஞ்சும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

1989இல் பார்த்திபனின் ‘புதிய பாதை’. அதற்குச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது. 1991இல் ‘சின்னத்தம்பி’, தாலி என்றால் என்னவென்றே தெரியாத அப்பாவி மகனின் தாய். பாட்டுக்காகத்தான் அந்தப் படத்தை நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் கதையின் பாரத்தைச் சுமப்பது அந்தத் தாய்.

எனக்குப் பிடித்தது என்று கேட்டால் இவை எதுவும் இல்லை, 1990இல் வந்த ‘நடிகன்’. கிழவன் வேடம் போட்ட இளைஞன் சத்யராஜ். அவன் உண்மையாகவே கிழவன் என்று நம்பிக் காதலிக்கும், கலியாணம் ஆகாத நடுவயதுப் பெண் மனோரமா. கதையின்படி ஏமாளி அவர்தான். ஆனால் பவுடர் பூசுவதிலும் வெட்கப்படுவதிலும் ஒரு பொய் கிடையாது, அவர் நிஜமாகவே காதலிக்கிறார். அதனால் படம் முழுக்கச் சிரித்துவிட்டுக் கடைசியில் அந்தப் பெண்ணுக்காக எங்களுக்கு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. இப்படி நடிக்கத் துணிவு வேண்டும்.

ஆயிரம் படம், கின்னஸ், ஐந்து முதலமைச்சர்கள் எல்லாம் உண்மையா?

உண்மைதான். ஆயிரம் படங்களைத் தாண்டியதற்காகக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றார், பின்பு அது ஆயிரத்து ஐந்நூறையும் தாண்டியதாகச் சொல்வார்கள். தமிழோடு தெலுங்கு, மலையாளம், கன்னடம், ஹிந்தி. ஹிந்தியில் மெஹ்மூத்துடன் ‘குன்வாரா பாப்’. முதலமைச்சர்கள் என்றால், முதலமைச்சரான ஐந்து பேரோடு நடித்தார் என்பது: மேடையில் அண்ணாதுரையும் கருணாநிதியும், திரையில் எம்.ஜி.ஆர், ஜெயலலிதா, ஆந்திராவின் என்.ரி. ராமராவ். கலைமாமணி, 2002இல் பத்மஸ்ரீ.

பரீட்சைக்கு இதைப் பாடமாக்கி எழுதாதீர்கள். எண்ணிக்கை நடிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

குடும்ப வாழ்க்கை?

நாடகக் குழுவில் இருந்த எஸ்.எம். ராமநாதனைக் காதலித்துத் திருமணம் செய்தார். மகன் பூபதி பிறந்த கொஞ்சக் காலத்தில் பிரிவு. தாயும் மகனுமாகத்தான் வாழ்க்கை. தன் தாய்க்கு நேர்ந்தது தனக்கும் நேர்ந்தது என்பதை அவரே பேசியிருக்கிறார். அதற்கு மேல் தோண்ட எனக்கு விருப்பமில்லை.

அரசியலில் இருந்தாரா? ரஜினியோடு ஏதோ பிரச்சினையாமே?

1996 தேர்தல் நேரம் ரஜினிகாந்தைக் கடுமையாகப் பேசிப் பிரச்சாரம் செய்தார். அதன்பின் வாய்ப்புகள் குறைந்தன. மறுவருடம் ‘அருணாச்சலம்’ படத்தில் ரஜினியே அவரை நடிக்க வைத்தார். அவ்வளவுதான்.

எங்கட ஊரில் அவருடைய படங்களை எப்படிப் பார்த்தார்கள்?

அறுபது, எழுபதுகளில் தியேட்டரில். வெலிங்டன், ராணி, ராஜா, மனோகரா, ரீகல், வின்சர், லிடோ என்று யாழ்ப்பாண நகரத்தில் கொட்டகைகளுக்குக் குறைவில்லை. சிவாஜி படம், எம்.ஜி.ஆர் படம் என்று பிரிந்து சண்டை பிடித்தவர்களுக்கு நடுவில் மனோரமா எல்லோருக்கும் பொது. படம் பார்க்க விடாத வீடுகளிலும் இலங்கை வானொலி இருந்தது, பாட்டு அதில் வந்துவிடும்.

தொண்ணூறில் போரால் மின்சாரம் போனது. அதற்குப் பிறகு வந்த ‘சின்னத்தம்பி’, ‘சின்னக் கவுண்டர்’ எல்லாம் இங்கே பலர் பார்த்தது வாடகைக்கு எடுத்த ரி.வி.யும் வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வைத்து, முற்றத்தில் பாய் விரித்து. எந்தப் படம் எப்போது வரும் என்பது வீடியோ கசெற் ஊருக்குள் வந்து சேருவதைப் பொறுத்தது. ஜெனரேற்றர் போடும் சத்தத்தில் வசனம் பாதி கேட்காது. மனோரமா பேசினால் மட்டும் கேட்கும். பகிடிக்குச் சொல்லவில்லை. ஒலிவாங்கியை நம்பாத காலத்தில் பழக்கிய குரல் அது. ஒரு சொல்லின் கடைசி எழுத்தையும் விழுங்க மாட்டார்.

அவரிடம் குறையே இல்லையா?

இருக்கிறது. தொண்ணூறுகளின் அம்மா வேடங்கள் பலவற்றில் ஒரே அழுகை. மார்பில் அடித்துக்கொண்டு, குரலை உச்சத்துக்குக் கொண்டுபோய், வசனத்தைத் தள்ளிவிடுவார். மேடையில் அது பின்வரிசைக்குத் தேவை, கமரா முகத்துக்குக் கிட்ட வந்த பிறகு தேவையில்லை. கட்டுப்படுத்த ஒரு இயக்குநர் இருந்தால் அற்புதமாகச் செய்தார், இல்லாவிட்டால் பழக்கத்தில் செய்தார். ஒரு வருடத்தில் அத்தனை படம் என்றால் யாராக இருந்தாலும் அப்படித்தான் ஆகும். பெண்ணின் உருவத்தையும் வயதையும் வைத்துச் சிரிக்கும் மலிவான பகிடிகளுக்கும் அவரைப் பயன்படுத்தினார்கள். அதில் எழுதியவர்களின் பங்குதான் பெரிது.

எந்தப் படத்தில் தொடங்கலாம்? எங்கட நாடகப் பயிற்சிக்கு எப்படிப் பயன்படுத்துவது?

முதலில் ‘தில்லானா மோகனாம்பாள்’, பிறகு ‘சம்சாரம் அது மின்சாரம்’, பிறகு ‘நடிகன்’. அந்த வரிசையிலேயே பாருங்கள்.

பயிற்சிக்கு, கண்ணம்மா வரும் காட்சியை எடுத்து முதல் தடவை படத்தை மறைத்துச் சத்தத்தை மட்டும் கேளுங்கள். எங்கே மூச்சு எடுக்கிறார், எந்தச் சொல்லில் வேகம் கூடுகிறது, எங்கே நிறுத்துகிறார் என்று கொப்பியில் கோடு போட்டுக் குறியுங்கள். இரண்டாம் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டு, எதிரே நிற்பவர் பேசும்போது மனோரமாவின் முகம் என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள். அவர் சும்மா நிற்கும் இடமே இருக்காது. கேட்டுக்கொண்டே இருப்பார். மூன்றாவதாக அதே காட்சியை உங்கள் ஊர்ப் பேச்சில், உங்கள் வீட்டில் வேலைக்கு வந்த, அல்லது அயலில் இருக்கும் ஒரு ஆச்சி பேசுவது போல எழுதி நடியுங்கள். மனோரமாவின் குரலைப் பிரதி பண்ணினால் புள்ளி குறைப்பேன், இப்போதே சொல்லிவிட்டேன்.